எல்லா இனத்தாரும் வாங்கலாம்

மறுவிற்பனை வீட்டு விளம்பரங்களில் 'ஆல் ரேசஸ் எலிஜிபிள்' என்று ஒரு வரி இருக்கும். 'எம்ஆர்டிக்கு ஐந்து நிமிடம்', 'மேல்மாடி, நல்ல காற்று' போன்றவற்றோடு அதையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். வாடகை விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டாம்' பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அதனால் முதலில் இது ஏதோ பெருந்தன்மை மாதிரி தெரிந்தது. பரவாயில்லையே, நம்மளையும் சேர்த்துக்கிறாங்களே என்று நினைத்தேன். அந்த வரிக்கு ஒரு விலை இருக்கிறது என்று புரிய எனக்கு நாலு மாதமும் பதினோரு வீடுகளும் ஆயின.

பிடிஓ-வுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து, இரண்டு தடவையும் குலுக்கலில் எங்கள் எண் எங்கேயோ கடைசியில் வந்து நின்ற பிறகு, மறுவிற்பனை வீடே பார்க்கலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். ஈசூன்தான் என்பதில் சந்தேகமில்லை. அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள். பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி மானியம். முதல் வீடு, நாலறை என்பதால் குடும்ப மானியம் 80,000. இந்தப் பணம் எதுவும் கையில் வராது, மசேநிதிக் கணக்கில்தான் வந்து விழும். இருந்தாலும் தாளில் எழுதிப் பார்க்க நன்றாக இருந்தது.

எவ்வளவு கேட்பது என்பதைப் பற்றி எனக்குப் பயமே இருக்கவில்லை. உட்லண்ட்ஸில் ஒரு வேஃபர் தொழிற்சாலையில் நாள் முழுக்க அளவீட்டுத் தரவு பார்ப்பதுதான் என் வேலை. வீவக மறுவிற்பனை விலைகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விற்ற மாதம், நகர், வீட்டு வகை, புளோக், தெரு, மாடி, சதுர மீட்டர், மாதிரி, குத்தகை தொடங்கிய ஆண்டு, மீதமுள்ள குத்தகை, விலை என மொத்தம் பதினோரு பத்தி. ஈசூன் நாலறை வீடுகளை மட்டும் பிரித்தெடுத்து, மாடியையும் குத்தகையையும் எம்ஆர்டி தூரத்தையும் போட்டு ஒரு மாதிரி செய்தேன். பெரும்பாலும் சொந்தத் திருப்திக்காகத்தான். ஆனாலும் நன்றாகவே வேலை செய்தது. எந்த புளோக்கைக் கொடுத்தாலும் பத்துப் பன்னிரண்டாயிரம் முன்னே பின்னே விலை சொல்லிவிடும். ஒழுங்குக்கு வராத சில வரிசைகள் இருந்தன. 40,000, 50,000 வெள்ளி குறைவாகப் போன வீடுகள். அண்ணன் தம்பிக்குள் கைமாறியதாக இருக்கும், உள்ளே ஓட்டை உடைசலாக இருந்திருக்கும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு அவற்றை நீக்கினேன். தொழிற்சாலையிலும் அப்படித்தான் செய்வோம். காரணம் தெரியாமல் நீக்கக் கூடாது என்று புதிதாக வருபவர்களுக்குப் பாடம் எடுப்பவனும் நான்தான் என்பது வேறு கதை.

இந்த இடத்தில், இன்னும் வீடு வாங்காத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். 2014 மார்ச் வரைக்கும் விற்பவர் முதலில் வீட்டை மதிப்பிட்டு வைத்திருப்பார். அந்த மதிப்புக்கு மேல் எவ்வளவு ரொக்கம் என்பதுதான் பேரம். அதன்பின் வரிசை தலைகீழானது. இப்போது முதலில் விலையைப் பேசி முடிக்க வேண்டும். ஆயிரம் வெள்ளிக்குள் ஒரு தொகை கொடுத்து விற்பனை உரிமைப் பத்திரத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் வீவக-விடம் வீட்டின் மதிப்பைக் கேட்க முடியும். பேசிய விலையைவிட மதிப்பு குறைவாக வந்தால் வித்தியாசத்தை முழுக்க ரொக்கமாகக் கட்ட வேண்டும். கடனும் கிடையாது, மசேநிதியையும் தொட முடியாது. 21 நாளைக்குள் வேண்டாம் என்று விலகலாம், கொடுத்த ஆயிரம் போகும். ஆக, விடைத்தாள் திருத்தி முடிந்த பிறகுதான் கேள்வித்தாளைப் பார்ப்பது மாதிரி. நண்பர்கள் வட்டத்தில் எல்லோரும் பயப்படுவது இந்த மதிப்புக்கு மேல் ரொக்கத்துக்குத்தான். நானும் அதற்குத்தான் பயந்தேன்.

பதினோராவது வீடு ஆறாம் மாடியில், 1986இல் குத்தகை தொடங்கிய புளோக்கில் இருந்தது. என் மாதிரி 490,000 என்றது. உரிமையாளர் கேட்டது 475,000.

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் கேட்பது என் கணக்குக்குக் கீழே இருந்தது. முகவரிடம் தொலைபேசியில் ஏன் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இண்டியன் ஓனர், பிரதர். சைனீஸ் கோட்டா ஃபுல். ஏழு மாசமா கிடக்குது. 445 கேளுங்க. 450க்கு முடிச்சிடலாம்."

இன ஒருங்கிணைப்புக் கொள்கை பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. சமூகவியல் பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் 15. அக்கம்பக்கம் என்ற அளவில் 84, 22, 12. 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு அதை அறிவித்த தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், நம்மவர். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும் ஹவ்காங் பக்கம் சீனர்களும் குவிந்துகொண்டிருந்த காலம். இதெல்லாம் பாடத்தில் வரும். வாங்குபவனுக்கு அது எப்படித் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது: பார்த்த பதினோரு வீடுகளில் நாலு வீட்டை எங்களால் வாங்கவே முடியாது, இந்தியர் அளவு நிரம்பியிருந்தது. விற்பவருக்கு அது என்ன செய்யும் என்று மட்டும் நான் உட்கார்ந்து யோசித்ததில்லை.

சீனர் அளவு நிரம்பிய புளோக்கில் சீனர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்கலாம், விகிதம் மாறாது. இந்தியர் ஒருவர் சீனருக்கு விற்க முடியாது. இங்கே நூறு பேரில் ஏறக்குறைய 74 பேர் சீனர், ஒன்பது பேர் இந்தியர். கடைக்கு வரும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கடை நடத்துவதுபோல. என் அட்டவணையின் பதினோரு பத்திகளில் விற்பவரின் இனம் இல்லை. மெய்சி வோங் என்ற பொருளியலாளர் இதை ஆராய, தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த லட்சக்கணக்கான பெயர்களை இனவாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நான் நீக்கிய வரிசைகளை மட்டும் திரும்பத் திறந்தேன். அதே புளோக்கில் இரண்டு ஆண்டில் மூன்று நாலறை வீடுகள் விற்றிருந்தன: 500,000, 492,000, 455,000. அந்த 455-ஐ நான் அழித்திருந்தேன்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். 2009இல் உட்லண்ட்ஸ் வீட்டை விற்ற கதையை அவர் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வீடு பார்க்க வருவார்கள் என்று அம்மா சனிக்கிழமையே மீன் பொரிப்பதை நிறுத்திவிடுவார். சாம்பிராணி கிடையாது. என் பள்ளிப்பையைக் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டும். இவ்வளவும் செய்து எட்டு மாதம் யாரும் வாங்கவில்லை. கடைசியில் வந்தவர் நம்மாள். அம்மா போட்ட வடையைத் தின்றுகொண்டே பக்கத்து வீடு போன விலையைவிட 30,000 குறைத்துக் கேட்டார். அப்பா கொடுத்தார். "நம்மாளே கழுத்தறுத்துட்டான்" என்பது எங்கள் வீட்டில் ரொம்ப நாள் புழங்கிய வாக்கியம்.

அதனால் அப்பா 475 கொடுத்திரு என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "450 கேளு" என்றார்.

"அப்போ நம்ம வீட்டை வாங்குனவரு?"

"அவன் கணக்கு போட்டான். அன்னிக்கு எனக்குக் கோவம். நாளைக்கு நீயும் அதே புளோக்லதான் விக்கணும், அதே கோட்டாதான் இருக்கும். இப்ப நீ முழு விலை கொடுத்தா, அப்ப உனக்கு யாரு முழு விலை கொடுப்பா?"

அவர் சொன்னது சரி, அதுதான் சங்கடம். இந்தக் குறை விலை எங்கேயும் மறைவதில்லை. வீட்டோடு ஒட்டிக்கொண்டு கைமாறுகிறது. நான் 490 கொடுத்து வாங்கி, பத்து வருடம் கழித்து இந்தியனாக விற்கும்போது 35,000 குறைந்தால் அந்த நட்டம் என்னுடையது. 455 கொடுத்தால் அவருடையது. முப்பது வருடம் விற்காமலே குடியிருந்தால் அந்த 35,000 எனக்கு இனாம். நிரம்பிய அளவு நிரம்பியபடியே இருக்கும் என்பதும் இல்லை. மாதா மாதம் முதல் தேதியில் புதுப்பிக்கிறார்கள்.

இரவு ஒரு மணிக்கு எழுந்து கணக்குப் போட்டேன். பத்து வருடம் இருப்போம், விற்கும்போது அளவு நிரம்பியிருக்க 50 விழுக்காடு வாய்ப்பு, வீவக கடன் வட்டி 2.6 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், 490-இல் கழிக்க வேண்டியது சுமார் 13,500. நியாய விலை 476,500. அவர் கேட்கும் விலையைவிட அதிகம்! வாய்ப்பை 80 விழுக்காடு ஆக்கினேன், 468,300 வந்தது. 100 ஆக்கினேன், 463,000-க்குக் கொஞ்சம் கீழே. நூறு விழுக்காடு நிச்சயம் என்று வைத்துக்கொண்டாலும்கூட 445 வரவில்லை. முகவர் சொன்ன எண்ணுக்கு எந்தக் கணக்கும் இல்லை, அந்த அம்மாவுக்கு வேறு ஆள் இல்லை என்பதைத் தவிர.

50, 80, 100 எல்லாம் யார் கொடுத்த எண்கள் என்று மனைவி காலையில் கேட்டாள். நான்தான் கொடுத்தேன். எனக்குப் பிடித்த விலை வரும்வரை மாற்றிக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது முறை அளவெடுக்கப் போனோம். விற்கிற ஆண்ட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கணவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவராம், இறந்து ஆறு வருடம். பொங்கோலில் மகள் வீட்டுப் பக்கமாக ஈரறை வீடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, நாங்கள் சுவரை அளப்பதைச் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சன்னல் கம்பிகள் எல்லாம் கணவர் தம் கையால் செய்தவை. ஒவ்வொரு சன்னலிலும் ஒரு மயில். மயிலின் தோகையில் ஒட்டு தெரியாமல் தேய்த்திருந்தார். எங்கள் புதுப்பிப்புப் பட்டியலில் 'பழைய கிரில் அகற்றல் – 400 வெள்ளி' என்று ஒரு வரி இருந்தது.

"எதிர்வீட்டு ஆண்ட்டி இருக்கால்ல," என்றார், எதற்கோ பேச்சுவாக்கில். "அவ மவனுக்குக் கேட்டா. 495 தர்றேன்னா. முப்பது வருசமா பழக்கம். தீபாவளிக்கு முறுக்கு குடுத்தா சீனப் பெருநாளைக்கு ஆரஞ்சு குடுப்பா. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா முடியாதுன்னு வருது."

"மேல்முறையீடு..."

"மவதான் பாத்துக்கிட்டா. எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி." விற்க முடியாமல் தவிக்கும் வீடுகளை வீவக-வே திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி 2022இல் வந்திருக்கிறது. அதைப் பற்றி அவரிடம் சொல்வதா என்று யோசித்தேன். மகளுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். தெரிந்திருக்கும் என்று நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நான் இந்தக் கொள்கைக்கு எதிரானவன் இல்லை. பத்தாவது மாடியில் ஒரு சீனப் பையனும் ஐந்தாவது மாடியில் ஒரு மலாய்ப் பையனும் இல்லாத என் சிறுவயதை என்னால் கற்பனை செய்ய முடியாது. அந்த இரண்டு பேரும் என் கல்யாணத்தில் தாம்பாளம் தூக்கினார்கள். முறுக்குக்கு ஆரஞ்சு வந்த இந்த மாடியும் அந்தக் கொள்கை செய்ததுதான். ஆனால் அதற்காக ஆகிற செலவு நாடு முழுக்கப் பிரித்துப் போடப்படவில்லை. ஒரு சோபாவில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் கணக்கில் மொத்தமாக எழுதப்படுகிறது. அதில் எவ்வளவு என்பதை அவருக்கு எதிரே அளவு நாடாவோடு நிற்கிற நான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 15 விழுக்காட்டுக்குள் அடங்கும் இரண்டு குடும்பங்கள், வேறு யாரும் அறையில் இல்லை.

மனைவி 475 கொடுத்துவிடலாம் என்றாள். பத்தாயிரம் வெள்ளி என்பது கடனாக மாதம் 34 வெள்ளி, அதோடு முன்பணத்தில் 2,500, அதற்கா இந்தப் பாடு என்றாள். முகவர் 445 என்று குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி அனுப்பினார். அப்பா 450. நான் 460 என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவர் மகள் என்னை நேரடியாக அழைத்தார். கோபமில்லை, களைப்புதான் குரலில் இருந்தது. "அம்மா 470 எதிர்பார்க்கிறாங்க. உங்களுக்கு வீடு பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க." நான் 468 என்றேன். 80 விழுக்காட்டுக்கு வந்த விலை. ஏற்கெனவே கையில் கணக்கு இருந்ததால் குரல் நடுங்காமல் சொல்ல முடிந்தது. அவர் சரி என்றார்.

அந்த 2,000-ஐ ஏன் குறைத்தேன்? மாதம் ஏழு வெள்ளிகூட வராது. அந்த அம்மாவுக்கு அது என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்ட விலைக்கு வாங்கினால் ஏமாந்தவன் என்று ஒரு எண்ணம் நமக்குள் எங்கேயோ ஊறிக் கிடக்கிறது. தேக்காவில் கீரைக்கட்டு வாங்கும்போதே அம்மா கற்றுக்கொடுத்தது. அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

பத்திரத்தில் கையெழுத்தான மறுநாள், வரியோடு 130 வெள்ளி 80 காசு கட்டி மதிப்புக் கேட்டு விண்ணப்பித்தேன். இந்த எண் வந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். 490 என்று வந்தால் நான் அவரிடமிருந்து 22,000 எடுத்துக்கொண்டேன். 455 என்று வந்தால் 13,000 ரொக்கம் கட்டி நிம்மதியாகத் தூங்கலாம். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன், கையில் அவ்வளவு ரொக்கம் இல்லாதபோதும். சில நாளில் பதில் வந்தது. வீட்டின் மதிப்பு: 468,000. நாங்கள் எழுதிய எண்ணையே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"மேட்ச் ஆயிடுச்சா? அப்ப இன்னும் கொறச்சிருக்கலாம்" என்று வேலையிடத்தில் சொன்னார்கள்.

சாவி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. மயில்களை எடுக்கவில்லை. அதைப் பெரிய காரியமாகச் சொல்ல வரவில்லை, 400 வெள்ளி மிச்சம். போன வாரம் மின்தூக்கியில் எதிர்வீட்டு ஆண்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். சிங்கப்பூரில் புது அண்டை வீட்டாரிடம் பேரைக் கேட்பதற்கு முன் கேட்கும் கேள்வியைக் கேட்டார். எவ்வளவுக்கு வாங்கினாய்? பொய் சொல்லிப் பயனில்லை, எல்லாம் இணையத்தில் இருக்கிறது. சொன்னேன்.

"வா, சோ சீப்!" என்றார். அவருடைய மகன் செங்காங்கில் வாங்கிவிட்டானாம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள தினமும் காலை ஆறரைக்குப் பஸ் பிடிக்கிறாராம். ஒரு மாற்றம், போக ஒரு மணி நேரம். பொங்கோல் ஆண்ட்டி எப்படி இருக்கிறார், போன் செய்தால் எடுப்பதில்லையே, புது எண் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டார்.

என்னிடம் மகள் எண் மட்டும் இருந்தது. கொடுத்தேன்.